ஈயக்குட்டையும் பேரங்காடியும்



கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகப் பேருந்தில் போகிறவர்கள், பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டும்போது சுங்கை வே என்னும் ஊரைக் கடந்து செல்வார்கள். பெரியவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். இன்றைய பிள்ளைகளைக் கேட்டால், 'சன்வே' என்றுதான் சொல்வார்கள். நீர் விளையாட்டுப் பூங்கா, வாசலில் பெரிய சிங்கம் அமர்ந்திருக்கும் பிரமிடு பேரங்காடி, கல்லூரி, மருத்துவமனை எல்லாம் அவர்கள் நினைவுக்கு வரும். சுங்கை வே என்ற பெயரைச் சுருக்கியே சன்வே என்ற பெயர் உண்டாயிற்று.

பள்ளி விடுமுறையில் தோட்டத்துப் பிள்ளைகளும் அங்கே போய் வருகிறார்கள். வகுப்பில் அதைப் பற்றிப் பேச்சு வரும்போது, "இவ்வளவு பெரிய இடம் யாருடையது, ஐயா?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். நல்ல கேள்வி அது. அந்த இடம் யாருடையது? எப்படி உண்டாயிற்று? அதில் பணம் எந்த வழியாக வருகிறது? இவற்றைத் தெரிந்துகொள்வதால் தோட்டத்து மக்களாகிய நமக்கு என்ன பயன்? இன்றைய பேச்சில் இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுங்கை வே பகுதி ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய இடம். ஈயம் எடுக்கும் முறையை நம்மில் வயதானவர்கள் சிலர் நேரில் பார்த்திருப்பார்கள். மண் சுவரின்மேல் நீரைப் பீரங்கி போலப் பீய்ச்சி அடிப்பார்கள். கரைந்து ஓடிவரும் சேற்றை இயந்திரத்தால் உயரே ஏற்றி, பாலோங் என்னும் சாய்வான மரக்கால்வாயில் விடுவார்கள். கனமான ஈயமணல் அடியில் தங்கும்; மற்ற மணலும் களிமண்ணும் நீரோடு போய்விடும். ஈயம் தீர்ந்த பிறகு மிஞ்சுவது என்ன? ஆழமான குட்டைகள், வெள்ளை மணல்மேடுகள், கால் வைத்தால் புதையும் சேறு. அங்கே பால்மரம் நட முடியாது, செம்பனையும் செழிக்காது. வீடு கட்டுவதென்றாலும், சேற்றை அகற்றி, நிரப்பி, ஆழமாகத் தூண்களை அடித்து இறக்க வேண்டும். ஆகவே அத்தகைய நிலத்தை ஒன்றுக்கும் உதவாத நிலம் என்றே பலரும் எண்ணினார்கள்.

டான்ஸ்ரீ ஜெப்ரி சியா என்பவர் 1945-ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்தின் பூசிங் என்னும் ஊரில் பிறந்தவர். அதுவும் ஈயத்தால் வளர்ந்த ஊர்தான். ஆஸ்திரேலியாவில் கணக்கியல் படித்து, நாடு திரும்பிக் கணக்காளராக வேலை பார்த்தார். 1974-ஆம் ஆண்டில் 1 லட்சம் வெள்ளி முதலில் ஈயம் எடுக்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஊரின் பெயரையே அந்த நிறுவனமும் தாங்கியது. ஈயத்தோடு அவர் நிற்கவில்லை. கல் உடைத்தல், கட்டுமானப் பொருள்கள், கட்டட வேலை என்று ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொழில் விரிந்தது. 1985-ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது. நாடு முழுவதும் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. ஈயத்தை மட்டும் நம்பியிருந்தவர்கள் தவித்தார்கள். ஈயம் போன பின்னும் நிலத்தைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு வேறு வழி திறந்தது.

அந்த நிலத்தில் என்னென்ன எழுந்தன என்பதை வரிசையாகப் பாருங்கள். 1987-இல் கல்லூரி வந்தது. 1990-களின் தொடக்கத்தில், பழைய ஈயக்குட்டைப் பள்ளத்திலேயே நீர் விளையாட்டுப் பூங்கா வந்தது. தூர்க்க வேண்டிய பள்ளத்தையே காசு தரும் பூங்காவாக மாற்றிவிட்டார்கள். 1997-இல் பிரமிடு பேரங்காடி திறக்கப்பட்டது. 2007-இல் அதை விரிவாக்கினார்கள். 1998-இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் அங்கே தன் கிளையைத் தொடங்கியது. 1999-இல் மருத்துவமனை. தங்கும் விடுதிகளும் வீடுகளும் கூடவே வளர்ந்தன. 2015-இல் மின்சாரப் பேருந்துக்கென்றே தூண்களின்மேல் தனிப்பாதை போடப்பட்டது. ஏறத்தாழ 800 ஏக்கர் பரப்பில் ஒரு நகரமே உருவாகிவிட்டது.

நேயர்களே, இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். உதவாத நிலம் எப்படி விலை உயர்ந்த நிலமாயிற்று? மண் மாறவில்லை, அதைச் சுற்றியிருந்தவைதான் மாறின. தலைநகருக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் நடுவில் அரசாங்கம் நெடுஞ்சாலை போட்டது. பக்கத்தில் பெட்டாலிங் ஜெயா நகரம் வளர்ந்தது. 1972-இல் சுங்கை வேயில் தீர்வையில்லாத் தொழிற்பேட்டை அமைந்து, மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் இளம்பெண்கள் அங்கே வேலைக்கு வந்தார்கள். சீபீல்டு தோட்டம் இருந்த இடத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. இப்படி நாற்புறமும் மக்கள் குடியேறினார்கள், சம்பளம் வாங்கினார்கள், பொருள் வாங்கக் கடை தேடினார்கள். நிலத்தின் விலையை உயர்த்தியவர்கள் அந்த மக்களே. அவர்களுடைய உழைப்பும் நடமாட்டமும் சேர்ந்துதான் ஈயக்குட்டைக்கு விலை வைத்தன. ஆனால் உயர்ந்த விலை யாருக்குப் போய்ச் சேரும்? நிலத்தின் உரிமைப் பத்திரத்தில் யாருடைய பெயர் இருக்கிறதோ, அவருக்குத்தான். இன்றைய பேச்சின் கருப்பொருளே இதுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

பேரங்காடியை நடத்துகிறவர் துணி விற்பதில்லை, சோறு விற்பதில்லை, இடத்தை வாடகைக்கு விடுகிறார். நம் தோட்டத்துச் சாமான் கடைக்காரர் அரிசி விற்றால்தான் அவருக்கு லாபம். பேரங்காடிக்காரருக்கோ, கடைக்காரர் விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் பிறந்தால் வாடகை வர வேண்டும். சில ஒப்பந்தங்களில் வாடகைக்கு மேல், விற்பனையில் ஒரு பங்கும் கொடுக்க வேண்டும். துப்புரவு, காவல், விளக்கு, விளம்பரம் ஆகியவற்றுக்கான கட்டணம் தனி.

எல்லாக் கடைகளுக்கும் ஒரே வாடகை என்று எண்ணிவிடாதீர்கள். மூன்று நான்கு மாடிகளில் பரந்து கிடக்கும் பெரிய கடைக்கு ஒரு சதுர அடிக்கு வாடகை குறைவு. மூலையில் நகையோ காலணியோ விற்கும் சின்னக் கடைக்கு ஒரு சதுர அடிக்கு வாடகை அதிகம். காரணம், பெரிய கடை கூட்டத்தை இழுத்து வருகிறது. அது முதன்மைக் கடை. வந்த கூட்டம் போகிற வழியில் சின்னக் கடைகளில் வாங்குகிறது. அதனால்தான் முதன்மைக் கடைகளை ஒன்றுக்கொன்று எட்டத்தில் வைப்பார்கள். படம் பார்க்கும் கொட்டகையை மேல்மாடியில் வைப்பார்கள். ஒரு மின்படியில் ஏறி, கொஞ்ச தூரம் நடந்துதான் அடுத்த மின்படியைப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்தக் கொஞ்ச தூரத்தில் எத்தனை கடைகள் என்று அடுத்த முறை போகும்போது எண்ணிப் பாருங்கள்.

விளையாட்டும் கேளிக்கையும் எதற்கு? பொருள் வாங்க வருகிறவர் ஒரு மணி நேரத்தில் போய்விடுவார். பனித்தரையில் சறுக்கி விளையாடப் பிள்ளையை விட்டவர் மூன்று மணி நேரம் காத்திருப்பார். காத்திருக்கும்போது பசிக்கும், பசித்தால் சாப்பிடுவார், சாப்பிட்டபின் கடைகளைப் பார்ப்பார். கனடா நாட்டில் எட்மண்டன் என்னும் நகரில், ஈரானிலிருந்து போய்க் கம்பள வியாபாரத்தில் வளர்ந்த கெர்மேசியன் குடும்பம் 1981-இல் ஒரு மாபெரும் அங்காடியைத் திறந்தது. பின்னர் அதற்குள்ளேயே இராட்டினங்களையும் அலையடிக்கும் நீர்க்குளத்தையும் அமைத்தது. அங்காடியையும் கேளிக்கையையும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்க்கும் இந்த முறை உலகெங்கும் பரவியது. மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் நம் நாட்டில், குளிரூட்டிய அங்காடி நகர மக்களுக்கு ஊர்த்திடல் போலவே ஆகிவிட்டது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் பேரங்காடியில் தேநீர்க் கடை வைக்க விரும்புகிறார். கணக்குக்காக, கடையின் அளவு 500 சதுர அடி, சதுர அடிக்கு மாதம் 10 வெள்ளி வாடகை என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 5,000 வெள்ளி. ஒரு கோப்பைத் தேநீரில் செலவு போக 1 வெள்ளி மிஞ்சுகிறது என்றால், வாடகைக்கு மட்டும் 5,000 கோப்பை விற்க வேண்டும். மாதத்துக்கு 30 நாள் என்று கொண்டால், நாளொன்றுக்கு 167 கோப்பை. அதன்பின் விற்பதிலிருந்துதான் ஆள் சம்பளமும் அவருடைய சொந்தச் சம்பளமும் வர வேண்டும். கடை வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

சரி, சன்வே முழுவதும் ஒரு குடும்பத்தின் சொத்தா? நேரடியாக அப்படிச் சொல்ல முடியாது. அது பங்குச் சந்தையில் பதிவான நிறுவனம். யார் வேண்டுமானாலும் பங்கு வாங்கலாம். ஆனால் மிகப் பெரிய பங்கு சியா குடும்பத்தின் கையில் இருக்கிறது. அவருடைய மக்களும் நிறுவனத்தில் உயர்ந்த பொறுப்புகளை வகித்து வருகிறார்கள். கல்வி நிலையங்களின் உரிமை மட்டும் ஓர் அறநிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

2010-ஆம் ஆண்டில் நிறுவனம் வேறொரு வழியையும் கையாண்டது. பிரமிடு பேரங்காடி போன்ற, வாடகை வரும் கட்டடங்களை ஒரு தனி நிதியாக்கி, அந்த நிதியைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்துச் சந்தையில் விற்றது. பங்கு வாங்கியவர்களுக்கு வாடகை வருமானத்தில் ஒரு பகுதி கிடைக்கும். நிறுவனத்துக்கோ புதிய கட்டடம் கட்டக் கைமுதல் கிடைக்கும். அந்த நிதியில் ஊழியர் சேமநிதி வாரியமும் பங்கு வைத்திருக்கிறது. ஆகவே சம்பளத்தில் சேமநிதி பிடிக்கப்படுகிற ஒவ்வொரு தொழிலாளிக்கும் அந்தப் பேரங்காடியின் வாடகையில் ஒரு துளி வந்து சேர்கிறது. இதை நம்மில் பலர் அறிந்ததில்லை. சேமநிதியை வீணாக்கக் கூடாது என்று நான் அடிக்கடி சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேரங்காடி என்றாலே பணம் கொட்டும் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஜப்பானில் அட்டாமி என்னும் ஊரில் காய்கறிக் கடையாகத் தொடங்கியது யாவோஹான் நிறுவனம். அதுவும் ஒரு குடும்பத்தின் தொழில்தான். பல நாடுகளில் பெரிய கடைகளைத் திறந்தது. கோலாலம்பூரில் 1987-இல் திறந்த 'தி மால்' என்னும் பேரங்காடியில் முதன்மைக் கடை அதுவே. நம்மவர்கள் பலர் அங்கே போயிருப்பார்கள். கடன்மேல் கடன் வாங்கி அகலக் கால் வைத்ததால், 1997-இல் யாவோஹான் நொடித்துப் போயிற்று. அதே ஆண்டில் ஆசிய நாடுகளின் நாணயங்களும் சரிந்தன. அதற்குமுன் ஓர் அமெரிக்க டாலருக்கு 2 வெள்ளி 50 காசு அளவில் இருந்த நம் நாணயம், 1998 ஜனவரியில் 4 வெள்ளி 80 காசுக்கும் மேல் போய்விட்டது. கடன் வாங்கிக் கட்டியவர்கள் திணறினார்கள். 'தி மால்' அமைந்திருந்த கட்டடத் தொகுதி 2011-இல் பொது ஏலத்துக்கு வந்தது. ஏலத்தில் எடுத்தது சன்வேயின் நிதி. இன்று அதற்குச் சன்வே புத்ரா என்று பெயர். மலேசியாவின் முதல் பேரங்காடியாகிய அம்பாங் பார்க், 1973-இல் திறந்து, 2017 இறுதியில் இரயில் பாதைக்காக மூடப்பட்டது. நேற்று நிமிர்ந்து நின்ற கட்டடம் இன்று இல்லாமல் போகலாம். அதன் அடியிலிருந்த நிலம் மட்டும் அங்கேயே இருக்கும்.

இனி நம் கதைக்கு வருவோம். ஈயக்குட்டைக்கு நேர்ந்தது தோட்டங்களுக்கும் நேர்ந்தது. டாமான்சாராப் பக்கம் எபிங்ஹாம் தோட்டம் என்று ஒன்று இருந்தது. இன்று அது பண்டார் உத்தாமா நகரம். அந்த நகரை உருவாக்கிய நிறுவனமும் ஒரு குடும்பத்துக்கு உரியதே. 1995-இல் அங்கே 'ஒன் உத்தாமா' பேரங்காடி திறந்தது. எபிங்ஹாம் தமிழ்ப்பள்ளியும் சீபீல்டு தமிழ்ப்பள்ளியும் இன்றும் அந்தப் பழைய பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. தோட்டம் போய்விட்டது, பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டம் வாழ்கிறது.

அந்த மண்ணில் மூன்று தலைமுறை உழைத்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? லயத்து வீடு முதலாளியின் வீடு. வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும். தோட்டம் விற்கப்பட்ட நாளில், நிலத்தின் உயர்ந்த விலையில் அவர்களுக்குச் சட்டப்படி பங்கு இல்லை. மரம் வெட்டியவரும், களை எடுத்தவரும், ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவரும் ஈட்டுத்தொகையை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். பலர் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் சிலர், பாட்டன் பால்மரம் வெட்டிய அதே இடத்தில் எழுந்த அங்காடிகளில் காவலராகவும் கடைச் சிப்பந்தியாகவும் நிற்கிறார்கள். எந்த வேலையும் இழிவானதில்லை. ஆனால் அடுத்த தலைமுறைக்கும் அந்த வாசல் ஒன்றுதான் திறந்திருக்க வேண்டுமா?

ஆகவே, இன்னும் தோட்டங்களில் வாழும் குடும்பங்களுக்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, தோட்டம் கைமாறுவதாகப் பேச்சு வந்தால், கிராணி சொன்னார், கடையில் பேசிக்கொண்டார்கள் என்று இருந்துவிடாதீர்கள். தொழிற்சங்கத்திடம் கேளுங்கள், தொழிலாளர் இலாகாவில் விசாரியுங்கள். தீபகற்ப மலேசியாவில், பணிநீக்கத்துக்கும் ஆட்குறைப்புக்கும் உரிய 1980-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம்; 2 ஆண்டு முதல் 5 ஆண்டுக்கு உட்பட்டவருக்கு ஆண்டுக்கு 15 நாள்; 5 ஆண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு ஆண்டுக்கு 20 நாள். குறைந்தது 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். 18 ஆண்டு உழைத்த ஒருவருக்கு 360 நாள் சம்பளம் வர வேண்டும். நாளுக்குச் சராசரி 65 வெள்ளி என்றால் 23,400 வெள்ளி. இது சட்டம் சொல்லும் குறைந்த அளவு. சங்கம் பேசி இதற்கு மேலும் பெறலாம். சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறியாமல் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். எத்தனை ஆண்டு வேலை செய்தோம் என்பதற்கு அவை சாட்சி.

இரண்டாவது, பள்ளி, கோயில், இடுகாடு ஆகியவை நிற்கும் நிலம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இப்போதே கேளுங்கள். நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தித் தேடிப் பார்க்கலாம். தோட்டம் விற்பதற்கு முன்னால் கேட்டால் பேச இடமிருக்கும். விற்றபின் கேட்டால், பேச வேண்டிய ஆளே மாறியிருப்பார்.

மூன்றாவது, ஈட்டுத்தொகை கையில் வந்த நாளில் என்ன செய்கிறோம் என்பது. மோட்டார் சைக்கிளுக்கும் பெரிய தொலைக்காட்சிப் பெட்டிக்கும் போன பணம் திரும்ப வராது. சிறியதானாலும் நம் பெயரில் ஒரு வீடு இருந்தால், வாடகை கொடுக்கும் பக்கத்திலிருந்து நாம் விலகி நிற்கலாம். வீடு வாங்கச் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கவும் வழி இருக்கிறது.

நான்காவது, பிள்ளைகளின் படிப்பு. பேரங்காடியில் விற்பனை வேலை மட்டுமா இருக்கிறது? மின்படியைப் பழுது பார்ப்பவர், குளிரூட்டியைக் கவனிப்பவர், மின்சார அறையைப் பொறுப்பேற்பவர், கணக்கு எழுதுபவர், கட்டடத்துக்கு வரைபடம் போடுபவர் என்று எத்தனையோ வேலைகள் திரைக்குப் பின்னால் நடக்கின்றன. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து மலேசியத் திறன் சான்றிதழ் பெற்ற இளைஞனுக்கு ஓர் அங்காடி மூடினாலும் இன்னோர் இடத்தில் வேலை கிடைக்கும். படிவம் 5 முடிந்ததும் 'ஏதாவது ஒரு வேலை' என்று அனுப்பிவிடாமல், இன்னும் இரண்டு ஆண்டு பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. நிலம் வாங்குவது பணக்காரக் குடும்பங்களுக்கு மட்டுமே முடியும் என்று எண்ணாதீர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், 1960-ஆம் ஆண்டு, துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பேசி, மாதம் 10 வெள்ளியாகச் சேர்க்கச் சொன்னார். அப்படிப் பிறந்ததுதான் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அது வாங்கியது. பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்தவர்கள், ஒரு தோட்டத்துக்கே சொந்தக்காரர்கள் ஆனார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. தலைநகரில் கட்டடமும் வைத்திருக்கிறது. ஒருவருடைய 10 வெள்ளிக்கு ஒரு கைப்பிடி மண்கூட வந்திருக்காது. பல ஆயிரம் பேரின் 10 வெள்ளிக்குத் தோட்டமே வந்தது.

சுங்கை வேயில் ஒரு குடும்பம், மற்றவர்கள் கழித்துவிட்ட நிலத்தைப் பிடித்துக்கொண்டு, பொறுத்திருந்து, அதன்மேல் ஒரு நகரைக் கட்டியது. அந்தத் துணிவையும் பொறுமையையும் நாம் மதிக்கலாம். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகும்போது, விளையாட்டைக் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். இந்த இடம் முன்பு எப்படி இருந்தது, கடைக்காரர் யாருக்கு வாடகை கொடுக்கிறார், மின்படியைப் பழுது பார்க்கிறவர் என்ன படித்தார் என்றும் சொல்லிக் கொடுங்கள். கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பத்திரத்தைப் படிக்கும்.